குறைந்த வருமானத்தில் முதல் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு வாங்க நினைப்பவர்கள் கடன் விண்ணப்பத்தையும் தவணைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்கும் சந்தேகங்கள், ஊரும் தொழிலும் வேறுபட்டாலும், ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்தவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டமும் வரியும் பதிவு நடைமுறையும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அசலும் வட்டியும் எங்கும் ஒரே கணக்கின்படிதான் நடக்கின்றன.

பதில்கள் பலவற்றிலும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்தியிருக்கிறேன்: வீட்டின் விலை 50 லட்சம், கடன் 40 லட்சம், ஆண்டு வட்டி 8 சதவீதம், காலம் 20 ஆண்டுகள், மாதத் தவணை 33,458. நாணயம் எதுவாக இருந்தாலும் விகிதம் மாறாது.

கையில் எவ்வளவு பணம் இருந்தால் வீடு பார்க்கத் தொடங்கலாம்? விலையில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்கிறார்களே?

ஐந்தில் ஒரு பங்கு என்பது முன்பணத்தை மட்டுமே குறிக்கிறது. அதற்கு மேல் பதிவுச் செலவு, முத்திரைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், கடன் பரிசீலனைக் கட்டணம், குடிபுகுமுன் செய்தே ஆக வேண்டிய சிறு வேலைகள் என ஒரு தொகை தேவைப்படும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கடன் கிடைக்காது. கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

பலரையும் கடைசி வாரத்தில் தடுமாற வைப்பது வேறொன்று. கடன் தரும் நிறுவனம் நீங்கள் பேசி முடித்த விலையை மட்டும் பார்ப்பதில்லை; தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பையும் பார்த்து, பொதுவாக இரண்டில் குறைந்ததையே எடுத்துக்கொள்கிறது. 50 லட்சத்துக்குப் பேசிய வீட்டை மதிப்பீட்டாளர் 45 லட்சம் என்று எழுதிவிட்டால், அதில் 80 சதவீதமாகிய 36 லட்சம்தான் கடனாக வரும். 10 லட்சம் முன்பணம் வைத்திருந்தவர் திடீரென்று 14 லட்சம் புரட்ட வேண்டியிருக்கும். ஆகவே எதிர்பார்த்த கடன் கிடைக்காவிட்டால், விலை பேசியதும் விற்பவருக்குக் கொடுக்கும் முன்தொகையை அவர் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்தொகை கொடுக்க வேண்டும்.

இவை எல்லாம் போக, பதிவு முடிந்த மறுநாள் உங்கள் கணக்கில் குறைந்தது நான்கைந்து மாதத் தவணையும் வீட்டுச் செலவும் மீதமிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வருமானம் குறைவாக உள்ளவர்களுக்கு முன்பணத்தைவிட இந்தக் கையிருப்பே முக்கியம். கீழே வரும் பல பதில்களில் இதை மீண்டும் குறிப்பிடுவேன்.

என் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் தருவார்கள்?

வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட பங்குக்குள் எல்லாக் கடன்களின் தவணையும் அடங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அமெரிக்காவில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அளவு 28, 36 என்பதாகும்: பிடித்தங்களுக்கு முந்தைய வருமானத்தில் வீட்டுச் செலவு 28 சதவீதத்துக்குள்ளும், மற்றக் கடன்களையும் சேர்த்தால் 36 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். மற்ற நாடுகளில் எண்கள் மாறினாலும் முறை இதுவே.

இதில் கவனிக்க வேண்டியது, சிறிய கடன்கள் பெரிய கடனை எந்த அளவுக்குத் தடுக்கின்றன என்பதாகும். மேலே சொன்ன கணக்கின்படி ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை 836. மாதம் 10,000 வண்டிக்கடன் கட்டிக்கொண்டிருப்பவர் ஏறக்குறைய 12 லட்சம் வீட்டுக்கடனுக்கான தகுதியை அந்த வண்டிக்கே கொடுத்துவிட்டார் என்று பொருள். சம்பள உயர்வுக்குக் காத்திருப்பதைவிட அந்த வண்டிக்கடனை முடிப்பது பல நேரங்களில் விரைவான வழியாகும். தருகிறார்கள் என்பதற்காக முழுத் தகுதிக்கும் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கணக்கில் பள்ளிக் கட்டணமும் பெற்றோரின் மருத்துவச் செலவும் இருப்பதில்லை.

தவணை கிட்டத்தட்ட வாடகை அளவுக்குத்தான் வருகிறது. அப்படியிருக்க வாடகைக்குக் கொட்டிக் கொடுப்பது வீண்தானே?

தவணையையும் வாடகையையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது சரியான ஒப்பீடு ஆகாது. எடுத்துக்காட்டில் உள்ள 33,458-ஐப் பிரித்துப் பாருங்கள். முதல் மாதத்தில் அதில் 26,667 வட்டிக்குப் போகிறது. ஏறக்குறைய 6,800 மட்டுமே அசலைக் குறைத்து உங்கள் சொத்தாகிறது. வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை வீண் என்றால், கடனாக வாங்கிய பணத்துக்குக் கொடுக்கும் வாடகையாகிய வட்டியும் அதே கணக்கில்தான் சேர வேண்டும்.

முறையாக ஒப்பிட விரும்பினால் ஒரு பக்கம் வாடகையை எழுதுங்கள். மறுபக்கம் வட்டி, சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு, முன்பணமாகப் போட்ட தொகை வேறெங்காவது இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வருவாய் ஆகியவற்றை எழுதுங்கள். அசலுக்குப் போகும் பகுதியை எழுத வேண்டாம், அது சேமிப்பு. இரண்டாவது பக்கம் கூடுதலாக வந்தால், அந்தக் கூடுதல்தான் சொந்த வீட்டின் நிம்மதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அதைக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகளில் ஊர் மாற வாய்ப்புள்ளவர்களுக்கு, வாங்கும்போதும் விற்கும்போதும் ஆகும் செலவைப் பரவலாக்க ஆண்டுகள் போதாது என்பதால், வாடகையே பெரும்பாலும் மலிவாக முடிகிறது.

இருபது வருடமா, முப்பது வருடமா? முப்பது என்றால் தவணை குறைகிறதே.

குறைகிறது, ஆனால் நினைக்கும் அளவுக்குக் குறைவதில்லை. 40 லட்சம் கடனை 30 ஆண்டுகளுக்கு மாற்றினால் தவணை 33,458-லிருந்து 29,351 ஆகிறது. மாதம் சுமார் 4,100 மிச்சம். மொத்த வட்டியோ சுமார் 40 லட்சத்திலிருந்து 65 லட்சத்துக்கு மேல் போகிறது.

இருந்தாலும், வருமானம் இறுக்கமாக உள்ளவர்கள் நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுத்து, முடிந்த மாதங்களில் கூடுதலாகக் கட்டுவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். குறைந்த தவணை என்பது கட்டாயத்தின் அளவைக் குறைக்கிறது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதை மட்டும் கையெழுத்திடுமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடமாகத் தவறாமல் கட்டுகிறேன். அசல் அப்படியே இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இந்தக் கேள்வியோடு வருபவர்களின் முகத்தில் கோபத்தைவிடக் கலக்கமே அதிகமாக இருக்கும். கடன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிய தொகையைக் கூட்டிக் காட்டுவார்கள். பெரும்பாலான நேரங்களில் ஏமாற்று எதுவும் இல்லை. எடுத்துக்காட்டுக் கடனில் ஐந்து ஆண்டுகளில் கட்டுவது 20 லட்சத்துக்கும் சற்று அதிகம். அசலில் குறைவது 5 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. 20 ஆண்டுக் கடனில் அசல் சரிபாதியாக இறங்க 13 ஆண்டுகளும் ஏழெட்டு மாதங்களும் ஆகின்றன.

காரணம் எளிது. வட்டி அந்தந்த மாதத்தில் மீதமிருக்கும் அசலுக்குக் கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் அசல் பெரியது என்பதால் வட்டியும் பெரியது. தவணையில் வட்டி போக மிஞ்சுவதுதான் அசலுக்குப் போகிறது. அசல் குறையக் குறைய அந்த மிச்சம் வளர்கிறது. இதனால்தான் தொடக்க ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டும் சிறு தொகைக்கு அவ்வளவு வலு இருக்கிறது: ஆண்டுக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டிவந்தால் இதே 20 ஆண்டுக் கடன் 17 ஆண்டுகள் நிறைவதற்குள் முடிந்துவிடும். போனஸ் வரும் மாதத்தில் அதைச் செய்யலாம். ஆனால் முதல் பதிலில் சொன்ன கையிருப்பைக் கரைத்து அதைச் செய்யக்கூடாது.

மாறும் வட்டி எடுத்திருக்கிறேன். வட்டி ஏறினாலும் தவணை மாறாது என்று சொன்னார்கள். நல்லதுதானே?

தவணை மாறாவிட்டால் வேறொன்று மாறித்தான் ஆக வேண்டும். மாறுவது காலம். ஓராண்டு கட்டியபின் எடுத்துக்காட்டுக் கடனில் 228 மாதங்கள் மீதமிருக்கும். அப்போது வட்டி 9 சதவீதமாகி, தவணை அதே 33,458 ஆக இருந்தால், 228 என்பது 281 மாதங்களாக நீள்கிறது. 10 சதவீதமானால் 446 மாதங்கள், அதாவது 37 ஆண்டுகள். பத்தரை சதவீதத்தைத் தொட்டால் ஒரு மாத வட்டியே 34,200-ஐத் தாண்டிவிடும். தவணை வட்டிக்கே போதாமல், கட்டக் கட்டக் கடன் வளரும். நடைமுறையில் நிறுவனங்கள் அந்த எல்லை வருமுன் தவணையை உயர்த்திவிடும், ஆனால் அதுவரை உங்களுக்குத் தெரியாமலே ஆண்டுகள் கூடியிருக்கும்.

ஆகவே வட்டி மாறியதாகத் தகவல் வந்தவுடன் மீதமுள்ள மாதங்கள் எத்தனை என்று கேளுங்கள். வாங்குவதற்கு முன்பே, இரண்டு சதவீதம் கூடுதல் வட்டியில் தவணை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். இந்த எடுத்துக்காட்டில், காலம் நீளாமல் இருக்க வேண்டுமானால், அது 38,400-ஐ ஒட்டி வரும். அந்தத் தொகையைச் சில மாதங்கள் இப்போதே தனிக் கணக்கில் போட்டுப் பார்ப்பதைப் போன்ற நல்ல சோதனை வேறில்லை. போட்ட பணமும் முன்பணத்தோடு சேரும்.

ஒரு இடத்தில் 8 சதவீதம் ஃபிளாட் வட்டி என்கிறார்கள். வங்கியில் எட்டரை. ஃபிளாட்தானே குறைவு?

இல்லை. ஃபிளாட் வட்டியில், நீங்கள் திருப்பிக் கட்டிய அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள். 40 லட்சத்துக்கு 8 சதவீத ஃபிளாட் வட்டியில் 20 ஆண்டு வட்டி 64 லட்சம், தவணை 43,333. மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் இருப்பு முறையில் இதற்கு இணையான வட்டி பதினொன்றரை சதவீதத்துக்கும் மேல். சதவீதத்தை ஒப்பிடாமல், ஒரே தொகைக்கும் ஒரே காலத்துக்கும் தவணையை எழுதித் தரச் சொல்லி ஒப்பிடுங்கள்.

எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. வேலை கிடைக்கும் நாளில்தான் காசு. எனக்கெல்லாம் கடன் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வருமானத்தைக் காட்டும் தடயத்தை நீங்களே உருவாக்க வேண்டும். கையில் வாங்கும் கூலியை முதலில் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு செலவுக்கு எடுக்கும் பழக்கத்தை ஓரிரு ஆண்டுகள் கடைப்பிடித்தால் அந்தக் கணக்கு அறிக்கையே சான்றாகும். வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் வருமானக் கணக்குத் தாக்கல் செய்யலாம். வாடகையையும் கணக்கு வழியாகவே கொடுங்கள். மாதந்தவறாமல் வாடகை கொடுத்தவர் தவணையும் கொடுப்பார் என்று வாதிட அது உதவும்.

வருமானம் ஏறி இறங்குபவர்கள் தவணையைச் சராசரி மாதத்தைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. சென்ற ஆண்டின் மிக மோசமான இரண்டு மூன்று மாதங்களைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். கையிருப்பும் நான்கைந்து மாதம் போதாது. ஆறுக்கு மேல் இருப்பது நல்லது. கூட்டுறவு வீட்டுக்கடன் சங்கம் உள்ள இடங்களில் அங்கும் கேட்டுப் பாருங்கள். வங்கிக் கடன் எட்டாத தொழிலாளர்களும் கைவினைஞர்களும் பணம் சேர்த்து வீடு கட்டிக்கொள்ளத் தொடங்கியவைதான் பிரிட்டனின் கட்டடச் சங்கங்கள். அறியப்பட்ட முதல் சங்கம் 1775-இல் பர்மிங்காமில் ஏற்பட்டது. ஏறக்குறைய நம் சீட்டு மாதிரியே அவை நடந்தன: எல்லோருக்கும் வீடு கிடைத்ததும் சங்கம் கலைந்துவிடும்.

முன்பணத்துக்கும் தனிநபர் கடன் எடுத்துச் சமாளிக்கலாமா? இல்லையென்றால் சேமநிதியை எடுத்துவிடலாமா?

முதலாவதை வேண்டாம் என்றே சொல்வேன். தனிநபர் கடனின் வட்டி அதிகம், காலம் குறைவு. இரண்டு தவணைகளும் ஒன்றாக ஓடும் ஆண்டுகளில் கையிருப்பே இருக்காது. இரண்டாவது கேள்வியின் பதிலில் சொன்னபடி, அந்தத் தவணை உங்கள் வீட்டுக்கடன் தகுதியையும் குறைத்துவிடும். அதை மறைத்து விண்ணப்பிப்பது, பிடிபட்டால் கடன் மறுக்கப்படுவதில் முடியும்.

சேமநிதி வேறு வகை. சிங்கப்பூரில் 1968 முதல் மத்திய சேமநிதியை வீடு வாங்கப் பயன்படுத்த அனுமதி உண்டு. அங்கே பெருவாரியான மக்கள் வீட்டு உரிமையாளர்களானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அங்கே வீட்டை விற்றால், எடுத்த தொகையை, அது நிதியிலேயே இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் வட்டியோடு, தன் சேமநிதிக் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். அந்த விதி சொல்லும் செய்தி எந்த நாட்டவருக்கும் பொருந்தும்: முதுமைக்கான பணம் வட்டியில்லாப் பணமல்ல. ஓய்வு பெற நீண்ட காலம் உள்ளவர்கள் ஒரு பகுதியை எடுக்கலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் மிகவும் யோசிக்க வேண்டும்.

ஒரு வீடு சுற்றுவட்டார விலையைவிட ரொம்பக் குறைவாக வருகிறது. விடலாமா?

விலை ஏன் குறைவு என்பதற்கு ஆவணத்தில் பதில் கிடைக்கும்வரை முன்தொகை கொடுக்காதீர்கள். வாரிசுகளில் ஒருவர் கையெழுத்திடவில்லை, அனுமதி பெறாமல் மாடி எழுப்பியிருக்கிறார்கள், வீட்டுக்குப் போகும் வழி இன்னொருவர் பெயரில் இருக்கிறது, பழைய அடமானம் தீரவில்லை என்று காரணம் எங்காவது இருக்கும். இரண்டு நிறுவனங்கள் கடன் தர மறுத்த வீடு என்றால் அதுவே போதுமான எச்சரிக்கை. நிறுவனத்தின் வழக்கறிஞர் பார்த்துவிட்டாரே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். அவர் பாதுகாப்பது கடன் தருபவரின் நலனை. உங்களுக்கென்று ஒருவரை வைத்து வில்லங்கம் பார்க்க ஆகும் கட்டணம், இந்தப் பக்கத்தில் சொன்ன செலவுகளிலேயே பயனுள்ளது.

அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கினால் இருவராலும் முடியும். பின்னால் பிரச்சினை வருமா?

வரலாம், ஆனால் எழுதி வைத்தால் பெரும்பாலும் வராது. முதலில், கடனையும் உரிமையையும் தனித்தனியாகப் பாருங்கள். கூட்டுக் கடனில் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. அண்ணன் நிறுத்திவிட்டால் அவர் பாதியையும் உங்களிடமே கேட்பார்கள். உரிமையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், ஒருவர் இறந்தால் அவர் உரிமை நேராக மற்றவருக்குப் போகும். மற்றொன்றில் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உண்டு, இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். குடும்பம் உள்ள அண்ணன் தம்பிகளுக்கு இரண்டாவதே பொதுவாகப் பொருந்தும்.

யார் எவ்வளவு போட்டார், ஒருவர் விலக விரும்பினால் மற்றவர் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார், அந்த விலையை யார் மதிப்பிடுவார், ஒருவர் மட்டும் குடியிருந்தால் மற்றவருக்கு வாடகை உண்டா என்பவற்றை உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள். அண்ணனிடம் போய் எழுத்தில் கேட்பதா என்று தயங்குகிறார்கள். எழுதாமல் விட்டவற்றைப் பிற்காலத்தில் அண்ணன் பிள்ளைகளிடம் பேச வேண்டியிருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜாமீன் கையெழுத்தும் இதே வகைதான், இன்னும் மோசமானது: பொறுப்பு முழுவதும் உண்டு, உரிமை சிறிதும் இல்லை.

வீட்டில் ஒரு பங்கை மட்டும் வாங்கலாம், அல்லது நிலம் இல்லாமல் வீட்டை மட்டும் வாங்கலாம் என்கிறார்களே, அதெல்லாம் நம்பலாமா?

நம்பலாம், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் பங்கு உரிமைத் திட்டத்தில் வீட்டின் ஒரு பங்கை வாங்கி, மீதிக்கு வாடகை கொடுக்கிறார்கள். 2021-இல் வந்த புதிய முறையில் 10 சதவீதப் பங்கிலிருந்தே தொடங்கலாம், பிறகு பங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் கட்டடத்தின் சேவைக் கட்டணத்தைப் பங்குக்கு ஏற்றபடி அல்ல, முழுவதுமாகக் கட்ட வேண்டும். தவணை, வாடகை, சேவைக் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்க்காமல் முடிவெடுக்கக்கூடாது.

சமூக நில அறக்கட்டளை என்னும் முறையில் நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும், வீடு உங்களுடையது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 1969-இல் தொடங்கிய முயற்சி இதற்கு முன்னோடி. நிலத்தின் விலை கழிந்துவிடுவதால் வீடு மலிவாகக் கிடைக்கிறது. பதிலுக்கு, விற்கும்போது லாபத்துக்கு வரம்பு உண்டு. நிலையான கூரைதான் வேண்டும் என்பவருக்கு இது நல்ல ஏற்பாடு; விற்றுப் பெரிய வீட்டுக்குப் போக நினைப்பவருக்கு அல்ல. நீண்ட காலக் குத்தகை வீடுகளில் மீதமுள்ள ஆண்டுகளைப் பாருங்கள். சிங்கப்பூர் வீட்டுவசதி வளர்ச்சிக் கழக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுகின்றன. இத்தகைய வீட்டில் ஆண்டுகள் கரையக் கரைய மதிப்பும் இறங்கும், அடுத்து வாங்குபவருக்குக் கடன் கிடைப்பதும் கடினமாகும்.

சொத்து விலை இறங்கவே இறங்காது. இப்போது விட்டால் எப்போதும் வாங்க முடியாது, இல்லையா?

இறங்கியிருக்கிறது. ஜப்பானில் நிலத்தின் விலை 1991-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு பத்தாண்டுக்கும் மேலாகச் சரிந்தது. அமெரிக்காவில் 2006-இல் உச்சம் தொட்ட வீட்டு விலை 2012-ஐ ஒட்டித்தான் சரிவை நிறுத்தியது. முதலிரு ஆண்டுகள் குறைந்த வட்டியும் பிறகு ஏறும் வட்டியுமாகக் கடன் வாங்கியிருந்தவர்கள் அங்கே மிகவும் அடிபட்டார்கள், ஏனென்றால் தவணை ஏறிய நேரத்தில் வீட்டின் மதிப்பு கடனைவிடக் கீழே போயிருந்ததால் விற்றும் தப்ப முடியவில்லை.

விலை இறங்கியதால் மட்டும் யாரும் வீட்டை இழப்பதில்லை. விலை இறங்கியிருக்கும்போது வருமானமும் நின்று, கையிருப்பும் இல்லாதவர்தான் இழக்கிறார். விலை ஏறுமா இறங்குமா என்பதை என்னாலோ உங்களாலோ தீர்மானிக்க முடியாது. மற்ற இரண்டையும் ஓரளவு திட்டமிட முடியும்.

வாங்கிவிட்டேன். இப்போது வேலை போய்விடும் போலிருக்கிறது. என்ன செய்வது?

முதல் தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். தவறாத கணக்குக்குக் கிடைக்கும் சலுகைகள், தவறிய கணக்குக்குக் கிடைப்பது கடினம்: சில மாதங்கள் வட்டி மட்டும் கட்டுவது, காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது, சிறிது காலம் தவணையை ஒத்திவைப்பது. ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி சேரும் என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே முன்கூட்டிக் கட்டிய தொகையைத் திரும்ப எடுக்கும் வசதி உங்கள் கடனில் உண்டா என்றும் கேளுங்கள். சில கடன்களில் உண்டு.

அடுத்து, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நீங்கள் சிறிய இடத்துக்குப் போனால் தவணையில் எவ்வளவு ஈடாகும் என்று பாருங்கள். வாடகைக்கு விட அனுமதி தேவையா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையிருப்பில் மூன்று மாதம் மீதமிருக்கும்போதே, விற்பதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிட வேண்டும். நீங்களே ஆள் பார்த்து விற்கும் விலையும் ஏலத்தில் போகும் விலையும் ஒன்றல்ல. ஏலம் என்றால் அதன் செலவும் தாமத வட்டியும் அபராதமும் உங்கள் கணக்கிலேயே ஏறும். விற்றுக் கடனை அடைத்தால், கடனற்றதற்கான சான்றையும் மூலப் பத்திரங்களையும் கேட்டு வாங்குங்கள். பதிவு அலுவலகத்தில் அடமானப் பதிவை நீக்கியாகிவிட்டதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.